புதன்கிழமை வார்த்தைகள்

படகு ஒன்றுக்கு வழிவிட்டுப் பாலம் மேலே தூக்கி நின்றது. ரின்ஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பெட்டி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும் பாலக்காரனையும் படகுக்காரனையும் சேர்த்து மனசுக்குள் நாலு வார்த்தை திட்டியிருப்பான். இன்றைக்கு அந்தப் படகின் மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணவனும் மனைவியும் அதில் நின்றபடி காப்பி குடித்துக்கொண்டே, உலகத்தில் அவசரம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுபோல மெல்லப் போனார்கள். பின்னாலேயே இன்னொன்று வரக்கூடாதா என்று வாய்க்காலின் வளைவு வரைக்கும் கண்ணை ஓட்டினான். வரவில்லை. வேண்டாத நாளில் வரிசையாக நாலு வரும், வேண்டுகிற நாளில் ஒன்றுகூட வராது. ஃபிரீஸ்லாந்துப் படகுகளின் குணமே அப்படித்தான்.

சைக்கிளின் முன்பெட்டியில் மகள் மின்கே மஞ்சள் மழைச்சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது முடிந்து ஒன்பது நாள். படகின் கம்பத்தைக் கை நீட்டிக் காட்டினாள், உடனே திரும்பி அவன் பார்க்கிறானா என்று பார்த்தாள். "ஆமா, கம்பம். கம்பம் போகுது" என்றான். அவள் "ப்பா" என்றாள். கம்பத்துக்கும் அதுதான், வாத்துக்கும் அதுதான், பசிக்கும் அதுதான். அவனைக் கூப்பிடுவதும் அதுதான் என்று முதலில் நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறான். பிறகு ஒரு நாள் அவள் கழிவறைக் கதவைப் பார்த்தும் "ப்பா" என்று சொன்னபோது அந்தப் பெருமையும் போயிற்று.

பத்து நாற்பதுக்குக் குழந்தைகள் நல நிலையத்தில் மூன்று வயதுச் சோதனை. இதுவரைக்கும் எல்லாச் சோதனைக்கும் அவன்தான் தனியாகக் கூட்டிப்போனான், ஏனென்றால் சோதனை நாள் எப்போதும் புதன்கிழமையில் விழும்படி அவனே பார்த்துக்கொண்டான். புதன்கிழமை அவனுடைய அப்பா நாள். மற்ற நாலு நாள் அவன் பால் லாரி ஓட்டுகிறவன். விடியற்காலை கிளம்பிப் பண்ணை பண்ணையாகப் போய்க் குழாயை மாட்டி, பாலை உறிஞ்சி, குழாயைக் கழற்றி, அடுத்த பண்ணை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அது அவனுக்குத் திருவிழா. புதன் மட்டும் வீடு, மின்கே, பூனை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாலையும் ஓட்டுகிறான் என்று அவனுக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

இந்த முறை மனைவி ஹிஸ்கே நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். "நாளைக்கு நானும் வர்றேன். கடைல பத்தரைக்கு யாரும் இல்ல." அவள் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். ரின்ஸ் எடுத்த உருளைக்கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "எதுக்கு, நானே போய்க்கிறேனே" என்றான். "என் பொண்ணுதானே, நானும் ஒரு தடவை பாக்கறேன்" என்றாள் அவள்.

பாலம் இறங்கியது.

ஒரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். இரண்டு வயதுச் சோதனை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஒரு வயதான செவிலி. நல்ல மனுஷி. மின்கே ஆறு மரக்கட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள், பந்தை உதைத்தாள், காலுறையைக் கழற்றிச் செவிலியின் காப்பிக் கோப்பைக்குள் போட்டாள். செவிலி சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கூட்டல் குறி போட்டாள். பிறகு கேட்டாள், "ரெண்டு வார்த்தை சேத்துப் பேசறாளா?"

ரின்ஸ் மின்கேயைப் பார்த்தான். மின்கே கோப்பையைப் பார்த்தாள்.

"இங்க பேசலைன்னாப் பரவாயில்ல. புது இடம், முக்கால்வாசிப் பேர் இங்க வாயே திறக்கமாட்டாங்க. வீட்ல பேசறதை நீங்க சொன்னாப் போதும், நான் எழுதிக்கிறேன்" என்றாள் செவிலி. அவர்கள் முறை அது. கண்ணால் பார்த்தால் கூட்டல் குறி, பெற்றோர் சொன்னால் எம் என்று ஓர் எழுத்து. பெற்றவர்கள் எதற்குப் பொய் சொல்லப்போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து வெளியே காத்திருக்கும் இடத்தில் ஒரு குழந்தை, மின்கேயைவிடச் சின்னது, "அம்மா பாரு லாரி, பெரிய லாரி, பாரு" என்று மணிமணியாகப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு ஹிஸ்கேயின் அண்ணன் டௌவேயின் பிறந்தநாள். எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டுக் கேக்குத் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தபோது டௌவே சொன்னான்: "உம்மணாமூஞ்சிகிட்ட வாரத்துல ஒரு நாள் முழுக்க விட்டா, புள்ள எங்கிருந்து பேசும்? பூனைகிட்டதான் பாடம் படிக்கணும்." வட்டமே சிரித்தது. ஹிஸ்கேயும் சிரித்தாள், ஆனால் சிரித்து முடித்ததும் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வீடு திரும்பும்போது, "புதனும் மத்த நாள் மாதிரி பிள்ளைங்க காப்பகத்துலயே விட்டா என்ன? அங்க நாலு பிள்ளைங்க பேசும்" என்று ஆரம்பித்தாள். அவனுக்குப் புதன் போய்விடும் என்று மட்டும் புரிந்தது.

"ம், பேசறா" என்றான் செவிலியிடம்.

"என்ன சொல்லுவா?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. "பூனை போச்சும்பா" என்றான். "அப்புறம் 'அம்மா வண்டி'ன்னு."

"அட, நல்லாருக்கே" என்றாள் செவிலி. அந்த நாலு வார்த்தைகளையும் அப்படியே தட்டச்சு செய்தாள். ஓர் எம்.

வீட்டுக்கு வந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஹிஸ்கேயிடம் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "புதன்கிழமைல என்கிட்ட ரெண்டு ரெண்டு வார்த்தையாப் பேசறா" என்றும் சொல்லி வைத்தான். ஹிஸ்கேயின் முகம் மலர்ந்தது, பிறகு கொஞ்சம் வாடியது. "என்கிட்ட ஏன் பேசமாட்டேங்குறா?" என்று கேட்டாள்.

பொய் என்று அவன் அதை நினைக்கவில்லை. முன்கூட்டிச் சொன்ன உண்மை என்று நினைத்தான். அடுத்த மாதம் பேசிவிடுவாள், அப்போது கணக்கு சரியாகிவிடும். அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் பூனையைத் தூக்கிக் கொல்லைக் கதவுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, மண்டியிட்டு, மின்கேயின் முகத்துக்கு நேராக "பூனை போச்சு" என்றான். "பூ-னை. போ-ச்சு." மின்கே அவனைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்து பூனையை உள்ளே விடுவாள். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. நாளாக ஆகப் பூனைக்கு அவனைக் கண்டாலே ஆகாமல் போனது. வார்த்தை மட்டும் வரவில்லை. இலையுதிர்காலம் போனது, கிறிஸ்துமஸ் போனது. ஜனவரியில் ஒரு புதன் முழுக்க அவன் பூனையைத் தூக்கவே இல்லை, சோபாவில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் முதலில் எதைச் சொல்வது?

காப்பகத்தில் ஒரு பெண் ஹிஸ்கேயிடம் கேட்டிருக்கிறாள், மின்கே ரொம்ப அமைதியாக இருக்கிறாளே, யாரிடமாவது காட்டலாமா என்று. "இல்லல்ல, நிலையத்துல பாத்தாச்சு, அப்பாகிட்ட நல்லாப் பேசறா" என்று ஹிஸ்கே அந்தப் பெண்ணுக்கே தைரியம் சொல்லிவிட்டு வந்தாள். இதை அவளே ரின்ஸிடம் சொன்னாள். அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டான்.

நிலையத்து வாசலில் ஹிஸ்கே தலைக்கு மேல் கோட்டைப் பிடித்தபடி தூறலில் காத்திருந்தாள். "பாலமா?" என்றாள். "பாலம்" என்றான். மின்கேயைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

டாக்டர் வீர்ஸ்மா இளம் வயதுக்காரி, நீண்ட கைகள், ஒரு வார்த்தையும் வீணாக்காதவள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மின்கேயோடு கட்டை அடுக்கினாள், வட்டம் வரையச் சொன்னாள், படம் போட்ட அட்டைகளைப் பரப்பி "நாய் எது?" என்று கேட்டாள். மின்கே நாயைத் தொட்டாள். "பந்து எது?" பந்தைத் தொட்டாள். "இது என்ன?" என்று மீனைக் காட்டியபோது "ப்பா" என்றாள். எல்லா அட்டைக்கும் "ப்பா." பின்னால் போய் நின்று மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் டாக்டர். முதல் தடவை மின்கே திரும்பவில்லை, இரண்டாம் தடவையும் இல்லை, மூன்றாவதற்குத் திரும்பினாள். ஹிஸ்கே நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். ரின்ஸ் சுவரில் இருந்த உயரம் அளக்கும் படத்தில் ஒட்டகச்சிவிங்கியின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தான். பதினேழு. மறுபடி எண்ணினான். பதினெட்டு.

டாக்டர் எழுந்து போய்த் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாற்காலி கிட்டே வந்தால் நல்ல செய்தி இல்லை என்பது ரின்ஸுக்குக்கூடத் தெரியும்.

"ரெண்டு வயசுல 'பூனை போச்சு', 'அம்மா வண்டி'ன்னு சொல்லிருக்கா. இன்னைக்கு நான் ஒரு வார்த்தைகூடக் கேக்கல. எப்பலேர்ந்து நின்னுச்சு?"

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்கறேன்னா, பேச்சு லேட்டா வர்றது வேற. நிறையப் பிள்ளைங்களுக்கு அப்படி, அதுக்கு வழி இருக்கு. ஆனா வந்த பேச்சு திரும்பிப் போறது வேற. அப்படின்னா நான் காத்திருக்கமாட்டேன். இன்னைக்கே க்ரோனிங்கன் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி மூளை டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். ரத்தம் எடுப்பாங்க, தூங்கவிடாம வச்சிருந்து மூளையோட அலையைப் பாப்பாங்க, மயக்கம் குடுத்து ஸ்கேன் எடுப்பாங்க. பயமுறுத்தல. ஆனா விடமுடியாது."

ஹிஸ்கேயின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. ஆனாலும் சிரிக்க முயன்றாள். கடைக்கு வருகிறவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "இல்ல டாக்டர், நிக்கல. இவர்கிட்டப் பேசுவா. புதன்கிழமைல. என்கிட்டதான் மாட்டா. நான் கொஞ்சம் லொடலொடன்னு பேசற ஆளு, தொழில் அப்படி. பிள்ளைக்கு நடுவுல புகுறதுக்கு இடமே குடுக்கறதில்லன்னு கடைக்கு வர்ற ஒரு டீச்சர் சொன்னாங்க. இவர் பேசாத ஆளு, அதான் இவர்கிட்ட வருதுன்னாங்க. சரின்னு நான் வீட்ல வாயை மூடிட்டேன். ஒரு வருஷமா. கேட்டா கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். பாட்டுகூடப் பாடறதில்ல. அவ பேசட்டும்னு."

ரின்ஸ் திரும்பி அவளைப் பார்த்தான். வீடு ஒரு வருஷமாக அமைதியாகிவிட்டதை அவன் கவனிக்காமல் இல்லை. கடையில் களைத்துப்போய் வருகிறாள் என்று நினைத்திருந்தான். இன்னும் உண்மையைச் சொன்னால், அந்த அமைதி அவனுக்குப் பிடித்தே இருந்தது. கதவை மூடியதும் கோட்டைக் கழற்றுவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் கொட்டுகிற பெண், பிள்ளைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவன் சொன்ன நாலு வார்த்தைக்காக.

"ரின்ஸ், நீங்க சொல்லுங்க" என்றாள் டாக்டர். "உங்ககிட்டக் கடைசியா எப்ப சொன்னா?"

போன புதன் என்று சொன்னால் போதும். அவனுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. போன புதன் சொன்னா டாக்டர், இங்கதான் கூச்சப்படறா. அவ்வளவுதான். மூளை டாக்டர் இல்லை, ஊசி இல்லை. இன்னோர் எம். ஹிஸ்கேயும் சந்தோஷமாக வீட்டுக்கு வருவாள், வந்து வாயை மூடிக்கொள்வாள். அவன் மறுபடி பூனையைத் தூக்கிக் கதவுக்கு வெளியே விடுவான். இப்படியே நான்கு வயது வரும், இங்கே பள்ளிக்கூடம் தொடங்குகிற வயது, பிறந்தநாள் அன்று பள்ளிக்கூட வாசலில் இந்த மஞ்சள் சட்டையோடு நிறுத்தி, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் "ப்பா" என்று சொல்ல விட்டுவிட்டு அவன் லாரிக்குப் போவான்.

"சொன்னதே இல்ல" என்றான்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே இல்ல. அன்னைக்கு அந்தம்மா கேட்டாங்க. நானா சொன்னேன். பூனை போச்சுன்னு. அவ சொல்லல." நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தான். "ஒரு வார்த்தையும் போகல டாக்டர். வந்தாத்தானே போறதுக்கு. ஊசியெல்லாம் வேண்டாம்."

ஹிஸ்கே அவனைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தான், கத்தியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"காப்பகத்துல கேட்டப்ப நான் அவங்களுக்குச் சொன்னேன்" என்றாள் கடைசியில், மெல்ல. "எங்கண்ணன்கிட்டச் சண்டை போட்டேன் உனக்காக. ராத்திரி அவ தலைமாட்டுல உக்காந்து, அப்பாகிட்டச் சொல்றியே, எனக்கு ஒரு தடவை சொல்லுடி, ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சியிருக்கேன். நீ கீழ இருந்து கேட்டுட்டுதானே இருந்த?"

"கேட்டேன்" என்றான். அதையும் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

டாக்டர் திட்டவில்லை. திரைப்பக்கம் திரும்பி அந்த எம்மை அழித்தாள். ஒரே ஒரு விசை, சத்தம்கூட வரவில்லை. "சரி. இப்ப பாதை வேற" என்றாள். முதலில் காது. கூப்பிட்டதற்கு அவள் தாமதமாகத் திரும்பியது தனக்குப் பிடிக்கவில்லை, காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் இப்படி இருக்கும், அதற்கு அடுத்த வாரமே நாள் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அதோடு பேச்சுப் பயிற்சி, அதற்கும் மேலே ஒரு குழு உட்கார்ந்து பிள்ளையை முழுசாகப் பார்க்கும். "என்ன காரணம்னு நான் இன்னைக்குச் சொல்லமாட்டேன், தெரியாது. ஒரு வருஷம் போயிடுச்சு, அதைத் திருப்ப முடியாது. இன்னையிலேர்ந்து பாக்கலாம்." பிறகு ஹிஸ்கேயிடம், "நீங்க பேசுங்க. எவ்வளவு வேணா பேசுங்க. பாடுங்க. நீங்க பேசினதால எதுவும் கெட்டுப்போகல" என்றாள். ஹிஸ்கே தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் அவள் கண் நிறைந்தது.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "வார்த்தை இல்லாம அவ எப்படிச் சொல்றா? பசி, தூக்கம், வலி, வேண்டாம். வீட்ல என்ன பண்றா? குழுவுக்கு இது வேணும்."

ரின்ஸ் ஆரம்பித்தான். ஒரு வருஷமாக ஒரு வார்த்தைக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தவன் அவன். வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. "தாகம்னா சமையலறைத் தொட்டியில ரெண்டு தட்டு தட்டுவா." டாக்டரின் பேனா தாளில் படவில்லை. அவள் ஹிஸ்கேயைப் பார்த்தாள். ரின்ஸுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. அவன் சொல் இனி இந்த அறையில் தனியாகச் செல்லாது.

"ஆமா" என்றாள் ஹிஸ்கே. பேனா எழுதியது.

"காது வலிச்சா தலையணைக்கு அடியில தலையை விட்டுக்குவா. குளிர்காலத்துல நாலைஞ்சு தடவை."

"நான் பாத்ததில்ல" என்றாள் ஹிஸ்கே. பேனா எழுதிவிட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டது.

"பயந்தா என் கட்டைவிரலைப் பிடிச்சு முகர்ந்து பாப்பா."

"தெரியாது." கேள்விக்குறி.

"லாரி சத்தம் கேட்டா, என் லாரியா வேற லாரியான்னு தெரியும் அவளுக்கு. என்னுதுன்னா மட்டும் ஜன்னலுக்குப் போவா."

ஹிஸ்கே பதில் சொல்லவே இல்லை. கேள்விக்குறி. தாளின் ஓரத்தில் அவை ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. அவன் நிறுத்தவில்லை. இத்தனை வார்த்தை அவன் ஒரே மூச்சில் யாரிடமும் பேசியதில்லை, குரல் எங்கெங்கோ போனது, நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்லியாக வேண்டியிருந்தது. "போதும், வீட்டுக்குப் போலாம்னா, யாரு தூக்கிட்டுப் போகணுமோ அவங்க கோட்டை அவங்ககிட்டயே கொண்டாந்து குடுப்பா."

டாக்டர் ஹிஸ்கேயைப் பார்த்தாள். ஹிஸ்கே வாயைத் திறந்தாள். அதற்குள் மின்கே அட்டைகளை விட்டுவிட்டு எழுந்துபோயிருந்தாள், மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். வாசல் பக்கத்து நாற்காலியில் ஹிஸ்கேயின் கோட்டு மேலேயும் ரின்ஸின் கோட்டு கீழேயும் ஈரத்தோடு கிடந்தன. மின்கே மேலே இருந்ததை ஒரு கையால் தள்ளினாள். அது தரையில் விழுந்தது. அடியிலிருந்த அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள், அது அவளைவிடக் கனம், கை மாற்றி மாற்றிப் பின்பக்கமாகவே நடந்து அறையின் பாதி வரைக்கும் கொண்டுவந்தாள். ரின்ஸ் இரண்டு கையையும் நீட்டினான்.

அவள் அவனைத் தாண்டிப்போய் அதை ஹிஸ்கேயின் மடியில் ஏற்றினாள். கோட்டின் ஒரு கை நழுவித் தொங்கியது. அதையும் எடுத்து மேலே வைத்தாள். பிறகு சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டவள்போல நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

டாக்டர் குனிந்து, யாரையும் கேட்காமல், எழுதினாள். ஹிஸ்கேயின் மடியில் கோட்டு கனமாகக் கிடந்தது, மழைநீர் அதிலிருந்து அவள் முழங்காலில் இறங்கியது. அவள் அதைத் தள்ளவும் இல்லை, அவனிடம் நீட்டவும் இல்லை. அதன் கழுத்துப்பட்டையில் கையை வைத்தபடி, "சொல்லு" என்றாள் ரின்ஸைப் பார்க்காமல். "வேற என்ன பண்ணுவா?"